ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி: ஒரு வரியில் சேர்ப்பதும் அதற்குப் பின்னால் நடப்பதும்

ஈரோட்டு மஞ்சள் சந்தையில் விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை. இரண்டும் ஏலத்துக்கு ஏலம் மாறும். ஒரு மண்டிக்கு இணையப்பக்கம் செய்து கொடுக்கும் கல்லூரி மாணவர், மாத விலையை இரண்டு கோடுகளாக வரைந்து காட்ட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தேடினால் சார்ட்.ஜேஎஸ் என்ற லைப்ரரி கிடைக்கும். குழப்பம் அதற்கப்புறம்தான். ஒரு பாடம் "இந்த ஒரு வரியை ஒட்டினால் போதும்" என்கிறது. இன்னொன்று கோப்பை டவுன்லோடு செய்யச் சொல்கிறது. மூன்றாவது பாடம் டெர்மினலைத் திறந்து என்பிஎம் கட்டளை அடிக்கச் சொல்கிறது. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துச் சேர்த்தால் வெள்ளைப் பக்கம்தான் மிஞ்சும்.

மூன்றுமே சரியான வழிகள். ஆனால் ஒன்றோடு ஒன்று கலக்காது. எது எதற்கு என்று தெரிந்துகொள்ள அடிப்படையிலிருந்தே வர வேண்டும். முதல்முறை லைப்ரரி சேர்ப்பவர் கோப்பைத் தன் ஃபோல்டரிலேயே வைத்துத் தொடங்குவதுதான் நல்லது. அதற்கான காரணங்கள் போகப் போகத் தெரியும்.

## லைப்ரரி என்பது என்ன

வேறொருவர் எழுதி, சோதித்து, மற்றவர்களும் பயன்படுத்தட்டும் என்று வெளியிட்ட நிரல்தான் லைப்ரரி. திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவர் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம் என்று ஜாப் ஒர்க் கொடுத்து வாங்குவார். கோடு வரைவது, அச்சில் எண்களைப் பிரித்துப் போடுவது, விரலை வைத்தால் விலையைக் காட்டுவது எல்லாம் சார்ட்.ஜேஎஸ்ஸுக்குக் கொடுக்கும் ஜாப் ஒர்க். விலைப்பட்டியலைக் கொடுப்பது மட்டும் நம் வேலை.

ஒரு இடத்தில் மட்டும் இந்த ஒப்புமை பொருந்தாது. சாயப்பட்டறைக்காரர் உங்கள் ஆபீஸ் பீரோவைத் திறக்க முடியாது. லைப்ரரியால் முடியும். பக்கத்தில் சேர்த்த எந்த ஸ்கிரிப்டுக்கும், நீங்கள் எழுதிய நிரலுக்கு இருக்கும் அதே உரிமை உண்டு. படிவத்தில் ஒருவர் அடிக்கும் போன் எண்ணைப் படிக்கலாம், பக்கத்தின் எழுத்தை மாற்றலாம், பார்ப்பவரை வேறு தளத்துக்கு அனுப்பலாம். பிரவுசருக்கு இவர் வீட்டுக்காரர், அவர் வெளியாள் என்ற பேதம் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எச்சரிக்கைகள் மிகையாகத் தெரியாது.

## மூன்று வழிகள்

1. சொந்த ஃபோல்டர். லைப்ரரியின் கோப்பை ஒருமுறை இறக்கி, உங்கள் திட்டத்துக்குள் ஒரு ஃபோல்டரில் போடுகிறீர்கள். பக்கத்தில் ஸ்கிரிப்ட் டேக் எழுதி, அதன் எஸ்ஆர்சி பகுதியில் அந்தக் கோப்பின் பாதையைக் கொடுக்கிறீர்கள். நெட் இல்லாமலும் வேலை செய்யும். நீங்களாக மாற்றும்வரை மாறாது.

2. சிடிஎன். கோப்பு உங்களிடம் இருக்காது. ஜேஎஸ்டெலிவர், சிடிஎன்ஜேஎஸ், அன்பேக்கேஜ் போன்ற சேவைகளின் சர்வரில் இருக்கும். எஸ்ஆர்சி பகுதியில் அவர்களின் முகவரியைக் கொடுத்தால், பக்கத்தைத் திறப்பவரின் பிரவுசர் அங்கே போய் எடுத்துக்கொள்ளும்.

3. என்பிஎம். இது லைப்ரரிகளை இறக்கி நிர்வகிக்கும் பேக்கேஜ் மேனேஜர். 2010-இல் வந்தது, பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோட்.ஜேஎஸ் நிறுவினால் கூடவே வரும். கட்டளை அடித்தால் லைப்ரரியையும் அது நம்பியிருக்கும் மற்ற லைப்ரரிகளையும் கொண்டுவந்து நோட் மாட்யூல்ஸ் என்ற ஃபோல்டரில் போடும். எந்தப் பதிப்பு வந்தது என்பதை ஒரு லாக் கோப்பில் குறித்துவைக்கும்.

மூன்றாவது வழியில்தான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். கட்டளை அடித்ததும் லைப்ரரி பக்கத்தில் சேர்ந்துவிட்டதாக நினைக்கிறார்கள். சேரவில்லை. உங்கள் கணினியின் ஒரு ஃபோல்டருக்குள் வந்திருக்கிறது, அவ்வளவுதான். பாடத்தில் இருப்பதுபோல லைப்ரரியின் பெயரை மட்டும் போட்டு இம்போர்ட் எழுதினால், அந்தப் பெயர் எந்தக் கோப்பைக் குறிக்கிறது என்று பிரவுசருக்குத் தெரியாது, பிழை காட்டும். அந்தப் பெயரைக் கோப்பாக மாற்றி, எல்லாவற்றையும் கட்டிக் கொடுக்க வீட் (Vite) போன்ற ஒரு பண்ட்லர் தேவை. அந்தப் பாடத்தை எழுதியவர் பண்ட்லர் ஏற்கெனவே இருக்கிறது என்று எண்ணி எழுதியிருப்பார். ஒரு விலைப்பக்கத்துக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். பத்துப் பதினைந்து லைப்ரரிகளும் நாலைந்து பேரும் சேர்ந்து வேலை செய்யும் திட்டத்துக்கு என்பிஎம் போன்ற ஒன்று இல்லாமல் முடியாது.

சிடிஎன்னுக்கு ஆதரவாக ஒரு பழைய காரணம் இன்னும் பாடங்களில் வருகிறது. "வேறு தளத்துக்குப் போனபோதே அந்தக் கோப்பு பிரவுசரின் கேஷில் (இறக்கியதைச் சேமித்துவைக்கும் இடத்தில்) வந்திருக்கும், உங்கள் பக்கத்துக்கு மறுபடி இறக்க வேண்டியதில்லை" என்பார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. தனியுரிமைக்காக பிரவுசர்கள் கேஷைத் தளத்துக்குத் தளம் பிரித்துவிட்டன. சஃபாரி 2013-இலேயே செய்தது, குரோம் 2020-இல், ஃபயர்பாக்ஸ் 2021-இல். இப்போது ஒவ்வொரு தளத்துக்கும் கோப்பு தனியாகத்தான் இறங்குகிறது. சோதனை செய்து பார்க்கவும் மாதிரி காட்டவும் சிடிஎன் நல்ல வசதி. ஒரு மண்டியின் நிரந்தரப் பக்கத்துக்கு அது கட்டாயமில்லை.

## எந்தக் கோப்பை எடுப்பது

ஃபோல்டருக்குள் வைப்பது என்று முடிவு செய்தாலும், எதை வைப்பது என்ற கேள்வி வரும். ஒரே லைப்ரரியின் டிஸ்ட் ஃபோல்டரில் பல கோப்புகள் இருக்கும். பெயரில் மின் (min) என்று வந்தால் இடைவெளிகளையும் குறிப்புகளையும் நீக்கிச் சுருக்கிய கோப்பு. மனிதர் படிக்க முடியாது. ஆனால் தளத்தில் போட வேண்டியது அதுதான்.

இதைவிட முக்கியமான பிரிவு ஒன்று உண்டு. சில கோப்புகள் சாதாரண ஸ்கிரிப்ட் டேக்கில் ஓடும்; ஓடி முடித்ததும் ஒரு பொதுப் பெயரை விட்டுச் செல்லும். சார்ட்.ஜேஎஸ் விட்டுச் செல்லும் பெயர் 'சார்ட்'. வேறு சில கோப்புகள் இஎஸ் மாட்யூல் வகை. இவை இம்போர்ட், எக்ஸ்போர்ட் என்று பேசும். மாட்யூல் என்று அறிவிக்காத டேக்கில் போட்டால் ஓடாது.

சார்ட்.ஜேஎஸ்ஸிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 3-ஆம் பதிப்பில் சார்ட்.ஜேஎஸ் என்ற பெயருள்ள கோப்பையே சாதாரண டேக்கில் போடலாம். 4-ஆம் பதிப்பில் அதே பெயருள்ள கோப்பு மாட்யூல் வகை. சாதாரண டேக்குக்கு, பெயரின் நடுவில் யுஎம்டி என்று வரும் கோப்பை எடுக்க வேண்டும். பழைய பாடத்தைப் பார்த்துப் புதுக் கோப்பை எடுத்தவருக்கு, மாட்யூலுக்கு வெளியே இம்போர்ட் எழுதக் கூடாது என்ற பிழைச் செய்தி வரும். அவர் எங்குமே இம்போர்ட் எழுதியிருக்க மாட்டார். எழுதியது லைப்ரரி.

## எது முன்னால், எது பின்னால்

பிரவுசர் பக்கத்தை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. நடுவில் ஸ்கிரிப்ட் டேக் வந்தால் படிப்பதை நிறுத்தி, அந்தக் கோப்பை இறக்கி, ஓட்டி முடித்துவிட்டுத்தான் மேலே போகும். மஞ்சள் விலைப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று பொருள்கள்: வரைபடம் வர வேண்டிய கேன்வாஸ், லைப்ரரி, விலைகளைக் கொடுத்து வரையச் சொல்லும் உங்கள் நிரல். இவை எந்த வரிசையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்து என்ன நடக்கும்?

1. உங்கள் நிரல் முதலில், லைப்ரரி பின்னால். நிரல் ஓடும்போது 'சார்ட்' என்ற பெயரே பிறந்திருக்காது. பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலில் "சார்ட் இஸ் நாட் டிஃபைன்ட்" என்று சிவப்பு எழுத்து வரும்.

2. லைப்ரரி, உங்கள் நிரல், கடைசியில் கேன்வாஸ். இப்போது சார்ட் இருக்கிறது, ஆனால் வரைய இடம் இன்னும் பக்கத்தில் வரவில்லை. கேன்வாஸ் கிடைக்கவில்லை என்று லைப்ரரியே புகார் சொல்லும்.

3. கேன்வாஸ், லைப்ரரி, உங்கள் நிரல். இரண்டு கோடுகளும் வந்துவிடும்.

அதனால்தான் ஸ்கிரிப்டுகளைப் பாடி டேக் முடிவதற்குச் சற்று முன்னால் போடச் சொல்கிறார்கள். இப்போது இன்னொரு நல்ல வழியும் இருக்கிறது: டேக்கில் டிஃபர் என்ற சொல்லைச் சேர்ப்பது. பக்கத்தைப் படித்துக்கொண்டே பிரவுசர் கோப்பையும் இறக்கிவைக்கும். முழுப் பக்கமும் படித்த பிறகு, எழுதிய வரிசை மாறாமல் ஓட்டும். அசிங்க் என்பது வேறு. எந்தக் கோப்பு முதலில் வந்து சேர்கிறதோ அது முதலில் ஓடும், வரிசைக்கு உத்தரவாதமில்லை. ஒன்றை ஒன்று நம்பியிருக்கும் இரண்டு கோப்புகளுக்கு அசிங்க் போடக் கூடாது. வீட்டு வைஃபையில் நன்றாக ஓடிய பக்கம், சந்தைக்குள் போன் டேட்டாவில் மட்டும் சில நேரம் வெறுமையாக வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

டிஃபரிலும் ஒரு பொறி உண்டு. தனிக் கோப்பாக உள்ள ஸ்கிரிப்டுக்கு மட்டும்தான் அது செல்லும். லைப்ரரிக்கு டிஃபர் போட்டுவிட்டு, உங்கள் நிரலைப் பக்கத்துக்குள்ளேயே நேரடியாக எழுதியிருந்தால், உங்கள் நிரல் முந்திக்கொண்டு ஓடும். லைப்ரரி பின்னால் வரும். மறுபடியும் முதல் நிலைமைதான். உங்கள் நிரலையும் தனிக் கோப்பாக்கி இரண்டுக்கும் டிஃபர் போட்டால் தீர்ந்தது.

## பதிப்பு எண், சாய லாட்

பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு லாட் என்றால் விளக்க வேண்டியதில்லை. ஒரே நீலம்தான், ஒரே சாயப்பட்டறைதான்; ஆனாலும் போன வாரம் வந்த லாட்டும் இந்த வாரம் வந்த லாட்டும் நூலளவு மாறியிருக்கும். உடம்புத் துணி ஒரு லாட், கழுத்து ரிப் இன்னொரு லாட் என்று தைத்துவிட்டால் செக்கிங்கில் பீஸ் திரும்பி வரும். அதனால் லாட் எண்ணைப் பார்க்காமல் யாரும் கட்டிங்குக்கு அனுப்புவதில்லை.

லைப்ரரியின் பதிப்பு எண்ணையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும். 4.4.1 என்று இருந்தால் மூன்று பகுதிகள். கடைசி எண் பிழை திருத்தம். நடு எண் புதிய வசதி; பழையது கெடாது என்று பொருள். முதல் எண் மாறினால், பழைய நிரல் ஓடாமல் போகலாம் என்று எழுதியவர்களே சொல்கிறார்கள். கடைசி இரண்டு எண்களுக்கும் அது வாக்குறுதிதான், சட்டமல்ல, தவறு நேரலாம்.

சார்ட்.ஜேஎஸ் 2-இலிருந்து 3-க்குப் போனது 2021-இல். கிடைமட்டப் பட்டை வரைபடத்துக்குத் தனி வகைப்பெயர் இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். சாதாரணப் பட்டை வகையில் எந்த அச்சு முதன்மை என்று சொன்னால் போதும் என்றாக்கினார்கள். பழைய பெயரை எழுதினால் அப்படி ஒரு வகை பதிவாகவில்லை என்று பிழை வரும். அது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிகிறது. தலைப்பு விஷயத்தில் நடந்தது இதைவிடத் தொல்லை. வரைபடத் தலைப்பைக் கொடுக்கும் இடம் பிளகின்ஸ் என்ற பகுதிக்குள் நகர்ந்தது. பழைய இடத்தில் எழுதினால் பிழையும் வராது, தலைப்பும் வராது. சின்ன எழுத்துப் பிழை எங்கோ இருக்கிறது என்று ஒருவர் மணிக்கணக்காகத் தேடுவார். அவர் நிரலில் தவறு எதுவும் இல்லை; பாடம் ஒரு லாட், கோப்பு இன்னொரு லாட்.

ஆகவே பாடத்தைத் திறந்ததும் அது எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று பாருங்கள். கோப்பைச் சேமிக்கும்போது பெயரிலேயே பதிப்பு எண்ணைப் போடுங்கள். சிடிஎன் முகவரியாக இருந்தால் முழு எண்ணையும் எழுதுங்கள். எண்ணே இல்லாத முகவரி அன்றைய கடைசிப் பதிப்பைத் தரும். இன்று ஓடும் பக்கம், நீங்கள் கை வைக்காமலேயே ஒருநாள் நின்றுபோகலாம்.

## அடுத்தவர் சர்வரை நம்பினால்

2024-இல் நடந்தது இதற்குப் பெரிய பாடம். பழைய பிரவுசர்களில் இல்லாத வசதிகளை நிரப்பிக் கொடுக்க பாலிஃபில்.ஐஓ என்ற சேவை இருந்தது. ஏராளமான தளங்கள் அதன் முகவரியை ஒரு வரியில் சேர்த்திருந்தன. அந்த ஆண்டு பிப்ரவரியில் அந்த டொமைன் ஃபன்னல் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. ஜூன் மாதம், அங்கிருந்து வரும் ஸ்கிரிப்டில் கெட்ட நிரல் கலந்திருப்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். போனில் பார்ப்பவர்களில் சிலரைச் சூதாட்டத் தளங்களுக்குத் திருப்பியது அது. எல்லோருக்கும் செய்யாது, எல்லா நேரமும் செய்யாது. அதனால் தளம் நடத்துகிறவர் கண்ணில் எளிதில் படவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அந்த வரியை வைத்திருந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் யாரும் தங்கள் நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. முகவரி அதேதான். முகவரிக்குப் பின்னால் இருந்த ஆள் மாறிவிட்டார்.

இதற்கு ஒரு காப்பு உண்டு. ஸ்கிரிப்ட் டேக்கில் இன்டெக்ரிட்டி என்ற பகுதியைச் சேர்த்து, கோப்பின் ஹேஷ் மதிப்பை எழுதலாம். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஓர் எழுத்து மாறினாலும் மதிப்பு முழுக்க மாறும். இறங்கி வந்த கோப்பின் கைரேகை பொருந்தவில்லை என்றால் பிரவுசர் ஓட்டாது. சிடிஎன்ஜேஎஸ், ஜேஎஸ்டெலிவர் தளங்களில் இந்த மதிப்போடு சேர்ந்த டேக்கையே நகலெடுக்கலாம். கூடவே வரும் கிராஸ்ஆரிஜின் என்ற பகுதியை வெட்டிவிடாதீர்கள். அது இல்லாமல் இந்தச் சோதனை நடக்காது, கோப்பும் ஓடாது. ஆனால் பாலிஃபில்.ஐஓ விஷயத்தில் இந்தக் காப்பு பயன்பட்டிருக்காது. ஒவ்வொரு பிரவுசருக்கும் வெவ்வேறு கோப்பைத் தயாரித்துத் தருவதே அந்தச் சேவையின் வேலை. கைரேகை எப்படி ஒன்றாக இருக்கும்?

என்பிஎம் பக்கமும் இதே கவலை உண்டு. 2016 மார்ச்சில், லெஃப்ட்பேட் என்ற 11 வரி பேக்கேஜை அதை எழுதியவர் நீக்கியபோது, அதை நம்பியிருந்த பெரிய திட்டங்கள் பலவும் கட்ட முடியாமல் நின்றன. 2025 செப்டம்பரில், சாக், டீபக் உள்ளிட்ட மிகப் பரவலான பேக்கேஜ்களைப் பராமரிப்பவர் போலி மின்னஞ்சலில் ஏமாந்து, அவற்றில் கெட்ட நிரல் கொஞ்ச நேரம் கலந்துவிட்டது. லாக் கோப்பை அழிக்காமல் வைத்திருப்பதும், வெளிவந்த அன்றே புதுப் பதிப்புக்கு ஓடாமல் இருப்பதும் இங்கே பெரிய உதவி.

உங்கள் ஃபோல்டரில் இருக்கும் கோப்பு தானாக மாறாது, அடுத்தவர் சர்வர் நின்றாலும் நிற்காது. தொடங்குபவருக்கு அதைச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஒரு பொறுப்பு மட்டும் உங்கள் தலையில் விழும்: லைப்ரரியில் பாதுகாப்புக் குறை கண்டுபிடித்துத் திருத்தினால், புதுக் கோப்பை நீங்கள்தான் போய் எடுத்துவர வேண்டும்.

## வரைபடம் வரவில்லை என்றால்

எஃப்12 அழுத்துங்கள். கன்சோல், நெட்வொர்க் என்ற இரண்டு பகுதிகளும் பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும்.

1. நெட்வொர்க்கில் லைப்ரரி கோப்புக்கு எதிரே 404 என்று இருந்தால், பாதை தவறு. விண்டோஸ் கணினியில் ஓடியது, சர்வரில் ஏற்றியதும் 404 வருகிறது என்றால் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பாருங்கள். விண்டோஸ் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாது. ஹோஸ்டிங் சர்வர் பெரும்பாலும் லினக்ஸ். அதற்கு இரண்டும் வெவ்வேறு கோப்பு.

2. கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறந்திருந்தால், முகவரிப் பட்டை ஃபைல் என்று தொடங்கும். அப்படித் திறந்த பக்கத்தில் மாட்யூல் வகைக் கோப்புகளை ஓட்டப் பிரவுசர் மறுக்கும். விஎஸ் கோடின் லைவ் சர்வர் போன்ற ஒரு சின்ன உள்ளூர் சர்வர் வழியாகத் திறக்க வேண்டும்.

3. பிழை எதுவும் இல்லை, ஆனாலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸைப் பாருங்கள். மண்டி இருக்கும் இடத்தைக் காட்ட லீஃப்லெட் என்ற மேப் லைப்ரரி சேர்ப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் கோப்போடு சிஎஸ்எஸ் கோப்பும் வேண்டும்; மேப் வரும் பெட்டிக்கு உயரமும் நீங்கள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் உயரம் சுழியம். மேப் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

## சேர்க்க வேண்டுமா

சார்ட்.ஜேஎஸ் 4-இன் கோப்பு ஏறத்தாழ 200 கேபி. சர்வர் சுருக்கி அனுப்பினால் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இறங்கும். இரண்டு கோடுகளும் அச்சுகளும் விரல் பட்டால் விலையும் வேண்டும் என்றால் அது நியாயமான எடை. ஆனால் ஒரு பட்டனை அழுத்தினால் ஒரு பகுதி மறைய வேண்டும் என்பதற்காக ஜேக்வெரி என்ற லைப்ரரியைச் சேர்ப்பது தேவையில்லை. ஜேக்வெரி 2006-இல் வந்தபோது ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொண்டது. அதைச் சமாளிக்க அது பெரிய துணையாக இருந்தது. அன்று அது செய்த பலவற்றை இன்று பிரவுசரே செய்கிறது. பெருந்துறையிலோ கோபியிலோ விற்பனைக்கூடத்தில் நின்றுகொண்டு விவசாயி ஒருவர் பழைய போனில் பக்கத்தைத் திறப்பார். தேவையில்லாத ஒவ்வொரு கோப்பும் அவர் காத்திருக்கும் நேரத்தில்தான் போய்ச் சேரும்.

சேர்த்த பிறகு பதிப்பை மாற்ற நினைத்தால் பழைய கோப்பின் மேலேயே புதியதை எழுதாதீர்கள். எண்ணோடு கூடிய பெயரில் புதுக் கோப்பைப் பக்கத்திலேயே வையுங்கள். ஸ்கிரிப்ட் டேக்கில் எண்ணை மட்டும் மாற்றிப் பக்கத்தைத் திறந்து, விரலிக் கோடும் கிழங்குக் கோடும் தலைப்பும் வருகின்றனவா என்று போனிலும் கணினியிலும் பாருங்கள். கன்சோலில் சிவப்பு எழுத்து வந்தால் பழைய எண்ணைத் திரும்ப எழுதிவிடலாம். பழைய கோப்பு அங்கேயேதான் இருக்கிறது.